அறுத்தும் அடங்காத கட்டி

முழங்கால் மடிப்புக்குப் பின்னால் புடைக்கும் நீர்க்கட்டியை மருத்துவர்கள் ‘பேக்கர் கட்டி’ என்பார்கள். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் மோரன்ட் பேக்கர் 1877-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பெயர் அவருக்குப் போய்விட்டது. ஆனால் முதலில் கண்டவர் அவரல்லர்.

டப்ளின் மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ் 1840-லேயே இந்தக் கட்டிக்கும் மூட்டுக்கும் வழி இருப்பதைக் குறித்திருக்கிறார். பிரான்சின் ஃபூஷே 1856-இல் இன்னொன்றைக் கவனித்தார்: காலை நீட்டினால் கட்டி இறுகுகிறது, மடக்கினால் தளர்கிறது. இன்றும் மருத்துவர்கள் காலை நீட்டச் சொல்லியும் மடக்கச் சொல்லியும் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

அப்படியானால் பேக்கர் செய்தது என்ன? நோய் கட்டியில் இல்லை, மூட்டுக்குள் இருக்கிறது என்று அழுத்திச் சொன்னார். தேய்மானமோ வாதமோ முற்றிய மூட்டில் நீர் மிகுதியாகச் சுரக்கிறது. அது பின்பக்கமாக வழி தேடி, கெண்டைக்கால் தசைக்கும் தொடைத் தசைநாணுக்கும் இடையிலுள்ள சிறு பையை நிரப்புகிறது. கிருமிநீக்க முறைகள் அப்போதுதான் பரவிவந்தன. மூட்டோடு தொடர்புள்ள கட்டியில் கத்தி பட்டுச் சீழ் பிடித்தால் கால் போகலாம், உயிரும் போகலாம்; அதனால் கட்டியை அறுக்கத் தயங்கினார்கள்.

கிருமிநீக்கம் கைவந்த பிறகு அந்தத் தயக்கம் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டில் கட்டியை வெட்டியெடுப்பதே வழக்கமான சிகிச்சையாக இருந்தது. வெட்டினார்கள், திரும்ப வந்தது. 1979-இல் ஸ்வீடனின் ரவுஷ்னிங், லிண்ட்கிரென் இருவரும் கணக்குப் பார்த்தபோது, அறுவை செய்த பெரியவர்களில் 63 சதவீதம் பேருக்குக் கட்டி மீண்டும் தோன்றியிருந்தது. ஊற்றை விட்டுவிட்டுக் குட்டையை இறைத்த கதைதான்.

ஏன் அப்படி? 1970-லேயே ஜேசன், டிக்சன் என்ற இரு ஆங்கில மருத்துவர்கள் விடை தந்திருந்தார்கள். மூட்டுக்கும் பைக்கும் இடையிலுள்ள வழி ஒருவழி வால்வு போல வேலை செய்கிறது. நடக்கும்போது ஏறும் அழுத்தம் நீரைப் பைக்குள் தள்ளுகிறது. போன நீர் திரும்புவதில்லை.

குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் மூட்டில் நோய் எதுவும் இருப்பதில்லை; கட்டி தானாகவே வற்றிவிடுகிறது. அறுவை வேண்டாம் என்று 1975-இல் டினம் என்ற மருத்துவர் வாதிட்டார். அந்தக் கருத்தே இன்று நிலைத்திருக்கிறது.

பெரியவர்களுக்கு இப்போது முதலில் பார்ப்பது மூட்டைத்தான். வீக்கத்துக்கு மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி; ஜவ்வு கிழிந்திருந்தால் நுண்துளை அறுவையில் அதையும் சரிசெய்து, வால்வு போன்ற அந்த வழியையும் அகலப்படுத்துகிறார்கள். தொல்லை தராத கட்டியைத் தொடுவதில்லை.

ஒரு சிக்கல் மட்டும் அவசரமானது. கட்டி உடைந்து நீர் கீழிறங்கினால் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து வலிக்கும். காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்தாலும் இதே அறிகுறிகள்தான். இரண்டையும் பிரித்தறிய 1972-லேயே அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். எனவே கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால் எண்ணெய் தேய்த்து உருவிவிட வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.