தொகுதியும் பகுதியும்: புதுக்கோட்டை மாவட்ட நோய்ப் பதிவுகளும் நோய்ப்பரவலியல் பயிற்சியும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் நோய்ப் புள்ளிவிவரங்களைக் காலவரிசையில் ஒப்பிட முனையும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது எல்லைச் சிக்கலாகும். சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டை 1948 மார்ச் 3இல் சென்னை மாகாணத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் அடங்கியது. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமானபோது, அதுவரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கி வட்டாரமும் இதனுடன் சேர்ந்தது. ஆகவே 1940, 1980 ஆகிய ஆண்டுகளின் 'புதுக்கோட்டை' மரண எண்கள் இருவேறு மக்கள்தொகைகளுக்கு உரியவை. நோயுற்றோர் எண்ணிக்கையாகிய தொகுதி ஏட்டில் கிடைத்துவிடும். அதனை வகுக்க வேண்டிய பகுதியை ஆய்வாளரே தேடிக் கண்டடைய வேண்டும்.

இது பழைய ஆவணங்களுக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. வருவாய்த்துறைக்கு ஒரே மாவட்டமாக உள்ள இந்நிலப்பரப்பு, சுகாதாரத்துறைக்குப் புதுக்கோட்டை, அறந்தாங்கி என்னும் இரு சுகாதார மாவட்டங்களாகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மாவட்ட மக்கள்தொகை 16,18,345. அறந்தாங்கியின் நோயாளிகளை மட்டும் எண்ணி இத்தொகையால் வகுத்தால், நோய்வீதம் உண்மையைவிடக் குறைந்தே தோன்றும். கணினி இப்பிழையைச் சுட்டிக்காட்டாது.

தமிழகத்தில் பதிவு முறை பழையது. மாகாணப் பொதுச் சுகாதாரத்துறை 1922இல் தோன்றியது. பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் வந்தது. ஆயினும் மரணக் காரணத்தைக் கிராம அலுவலரே எழுதியமையால் 'காய்ச்சல்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் பல நோய்கள் கலந்தன. எண்ணுவதிலிருந்து ஒப்பிடுவதற்கு நகர்ந்ததன் சிறந்த சான்று, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையமாகும். வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்ட அதன் ஆய்வு 1959இல் வெளியானது. நோயாளிகள் தற்போக்கு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். உணவும் ஓய்வும் குறைந்திருந்தும் வீட்டுக் குழுவினரின் முன்னேற்றம் ஏறத்தாழ மற்றவர்களுக்கு இணையாக இருந்தது. சானடோரியத்தின் மீதான நீண்டகால நம்பிக்கையைத் தளர்த்தியது மருந்து மட்டுமன்று, ஒப்பீட்டின் ஒழுங்கும் ஆகும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இவ்வொழுங்கைக் களப்பணியாளருக்குக் கற்பிக்கும் முயற்சி மிகப் பிந்தியது. 1999இல் சென்னையில் உருவான தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், 2001இல் இரண்டாண்டுக் களப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பணியிலுள்ள மருத்துவர்கள் சென்னைக்கு வந்து கற்று, தம் பணியிடத்துக்குத் திரும்பி அங்குள்ள தரவுகளையே பகுப்பாய்ந்தனர். நோயாளிப் பட்டியலும் நோய்வீதமும் தொடக்கப் பாடங்கள். அடுத்த நிலையில்தான் சிக்கல் தொடங்குகிறது. கற்பனையாக ஓர் ஊரைக் கொள்வோம்: ஊரணி நீர் குடித்த 200 பேரில் 60 பேருக்கும், குழாய் நீர் குடித்த 200 பேரில் 10 பேருக்கும் வயிற்றுப்போக்கு. இடர் விகிதம் 6. ஆனால் ஊரணி நீர் குடித்தோரில் பெரும்பாலோர் சிறு குழந்தைகளாயின், நீரோடு வயதும் இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாம். வயது வாரியாக அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்த பின்னரே அந்த 6 எவ்வளவு நிலைக்கும் என்பது தெரியும்.

வரலாற்று ஆய்வாளருக்கும் இதே பயிற்சி தேவைப்படுகிறது. 1974க்கு முந்தைய தஞ்சாவூர்ப் பதிவுகளிலிருந்து அறந்தாங்கியின் எண்களை வட்ட வாரியாகப் பிரித்தெடுத்து, அந்தந்தக் கணக்கெடுப்பின் வட்ட மக்கள்தொகையால் வகுப்பதே என் ஆய்வேட்டின் அடுத்த கட்டப் பணியாகும்.