வேலைக்கும் பள்ளிக்கும் ஒரு சைக்கிள்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

2020இல் கோவிட் முடக்கத்தின்போது உலகெங்கும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது உடற்பயிற்சிக்காக வாங்கியவர்கள் ஏராளம். கடைக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்வர ஒரு சாதாரண சைக்கிள் தேடுவோரின் தேவை வேறு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பால் வெட்டுக்குப் போனவர்களும் கிராணிமாரும் 28 அங்குலக் கறுப்புச் சைக்கிளைத்தான் நம்பியிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் வந்தபின் அது லயத்துக் கொல்லைக்குப் போனது.

மலேசியாவில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க 16 வயது ஆக வேண்டும். ஆனால் படிவம் இரண்டு, மூன்று படிக்கும் பிள்ளைகள் அண்ணனின் மோட்டாரை எடுத்துக்கொண்டு போவதைப் பெற்றோர் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி கோருவதே சிக்கலாகிவிடும். சைக்கிளுக்கு உரிமமும் வேண்டாம், சாலை வரியும் வேண்டாம்.

மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு நான்கும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புடவையோ பள்ளிக் காற்சட்டையோ செயினில் சிக்காமல் காப்பது அந்தக் கவர்தான். சமதரைக்கு கியர் தேவையே இல்லை. மேடு பள்ளமான இடமென்றால் பின்சக்கர அச்சுக்குள் அடங்கிய மூன்று கியர் போதும். மழையும் சேறும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. விலை குறைந்த சைக்கிளில் வரும் ஸ்பிரிங் முன்கவையால் எடைதான் கூடும்.

நம் ஊர் மழைக்கு பிரேக்கைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், இரும்பு ரிம் நனைந்ததும் பிடிமானம் வெகுவாகக் குறைந்துவிடும். அலுமினிய ரிம் மேல். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்கள் உறுதியானவை, ஆனால் டயர் அளவில் ஏமாறாதீர்கள். 26 அங்குலம் என்று சொல்லப்படுவதிலேயே இரண்டு உண்டு: டயரின் பக்கவாட்டில் 590 என்றிருப்பது நகரச் சைக்கிளுக்கு, 559 என்றிருப்பது மலைச் சைக்கிளுக்கு. ஒன்று மற்றதில் ஏறாது. 27 அங்குலத்தில் 630 என்றிருக்கும். உங்கள் ஊர்க் கடையில் அந்த எண்ணில் டயர் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வெள்ளியை எடுங்கள்.

விளக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். செம்பனை லோரிகள் ஓடும் தோட்டப் பாதையில் விடியற்காலை ஐந்து மணிக்கு உங்களைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. டோல் நெடுஞ்சாலைப் பக்கம் சைக்கிளில் போகவே கூடாது.

சிங்கப்பூரில் நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருந்தாக வேண்டும். மடக்குச் சைக்கிளை எம்ஆர்டியில் ஏற்றலாம்; மடக்கியபின் 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும்.