சகலமானவர்களுக்கும்

எங்க தாத்தா தண்டோரா போட்டவர். சிதம்பரத்துக்கு மேற்கே ஒரு கிராமம், அன்றைக்குத் தென்னார்க்காடு மாவட்டம். ஜமாபந்தி, கிஸ்தி கட்டக் கடைசி நாள், மதகு திறக்கும் தேதி, காணாமல் போன மாடு, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவது, எல்லாச் சேதியும் அவர் தோளில் தொங்கிய தமுக்கு வழியாகத்தான் ஊருக்குள் போனது. செருப்பில்லாத காலோடு ஊர்த்தெருவுக்குள் நுழைந்து, மூலைக்கு மூலை நின்று அடித்து, “இதனால் சகலமானவர்களுக்கும்” என்று கத்துவார். அந்தச் சகலமானவர்களில் தானும் உண்டா என்று அவர் கேட்டதில்லை. ஊரும் சொன்னதில்லை.

அவர் வாழ்நாளில் ஒரு சேதிக்கு மட்டும் தமுக்கு அடித்ததே கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கிற சேதி. அதற்கு அடிக்கச் சொல்லி யாரும் கூலி கொடுக்கவில்லை.

1971 ஜூன். எங்கப்பா சேரியிலிருந்த அரிசன நலப் பள்ளியில் அஞ்சாவது முடித்திருந்தார். ஆறாவதுக்கு ஊரைத் தாண்டி ரெண்டரை மைல் நடந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகணும். பள்ளி என்றைக்குத் திறக்கிறது, சேர்க்கை எது வரைக்கும், என்னென்ன காகிதம் கொண்டு வரணும் என்று எழுதிய நோட்டீசு மணியக்காரர் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒட்டியிருந்ததாம். ஜமாபந்தி நேரம். தாத்தா அந்த மாசம் பூராவும் அந்த வாசலில்தான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நோட்டீசு அவர் முகத்துக்கு நேரே இருந்திருக்கிறது.

ஜூலை பாதிக்கு மேல், நடவு வேலை கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாளில், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

“என்னாடா, இப்பத்தான் ஒனக்கு விடிஞ்சுதா? ஜூன் மாசத்தோட எல்லாம் முடிஞ்சு போச்சி. அடுத்த வருசம் வா.”

“தெரியாதுங்க சாமி.”

“நோட்டீசு ஒட்டனமே, பாக்கல?”

“பாத்தன் சாமி. என்னான்னு தெரியல.”

இதைத் தாத்தா என்னிடம் ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி வார்த்தையில் லேசாகச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அப்பா அந்த வருசம் மாடு மேய்க்கப் போனார். அடுத்த வருசமும் மேய்த்தார். 1973ல்தான் ஆறாவதில் உட்கார்ந்தார், தன்னைவிட ரெண்டு வயசு சின்னப் பிள்ளைகளோடு. எட்டாவதோடு நின்றுவிட்டார்.

நான் எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில், பிறகும்கூட, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்து பழைய கல்வித் துறை அறிக்கைகளைப் புரட்டியிருக்கிறேன். என் இங்கிலீசுக்கு அது மெதுவான வேலை. ஆனாலும் ஒரு விசயம் சீக்கிரமே கண்ணில் பட்டுவிட்டது. பஞ்சமர் பிள்ளைகள் ஏன் படிக்க வரவில்லை என்ற கேள்விக்கு வெள்ளைக்கார அதிகாரியும் அவருக்குக் கீழிருந்த சாதி இந்து அதிகாரியும் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள்: வறுமை, பெற்றோரின் அக்கறையின்மை. வறுமையை ஒப்புக்கொள்ளலாம். இந்த அக்கறையின்மை என்கிற சொல்லைத்தான் நாம் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்க தாத்தா நடவை விட்டுவிட்டு ரெண்டரை மைல் மகனைக் கூட்டிக்கொண்டு நடந்தவர். அறிக்கையில் அவரும் அக்கறையில்லாத பெற்றோர்தான். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இல்லை, அவ்வளவுதானே அவர்களுக்குத் தெரியும்?

1891ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அறிந்த அறிக்கை. சேரி மக்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரன் பிடியில் இருந்ததை அது சொல்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல முடிகிற நிலைமையில், அக்கறை என்பதை எதைக் கொண்டு அளப்பது? 1893ல் பஞ்சமர் கல்விக்கென்றே ஓர் அரசாணை வந்தது. அதே வருசம்தான் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருசம் அடையாறில் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளி. 1907ல் அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’. (அது வெளிவந்ததும் ஒரு ஜூன் மாசத்தில்தான்.) அரசாங்கம் ஆணை போட்டது, நம் ஆட்கள் அச்சு எந்திரத்தைப் பிடித்தார்கள். ஆணை கெஜட்டில் கிடந்தது. அச்சிட்ட தாள்தான் கைக்குக் கை மாறி நடந்தது.

பள்ளி எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அக்கிரகாரத்திலும் சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் பொதுப் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. அரசுப் பணத்தில் நடந்த பள்ளிகளைத்தான் சொல்கிறேன். பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கக் கூடாது, அவர்கள் போக முடியாத இடத்தில் பள்ளி இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும் என்று அரசு 1919ல் எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது. சொல்ல வேண்டி வந்தது என்பதிலேயே அதுவரை இருந்த நிலைமை தெரிகிறது. பள்ளிக்கூடமே கால் வைக்க முடியாத தெருவில் இருந்தால், அதன் வாசலில் ஒட்டிய அறிவிப்பும் கால் வைக்க முடியாத தெருவில்தான் இருக்கும். ஒட்டினோமே, பார்க்கவில்லையா என்று 1971ல் தாத்தாவிடம் கேட்ட கேள்வி அந்தத் தலைமையாசிரியர் கண்டுபிடித்த கேள்வி இல்லை. அது அவருக்கு வழிவழியாக வந்த சொத்து.

தொடக்கப் பள்ளி விசயத்தில் ஒரு மாற்றம் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. மிஷன்காரர்கள் சேரிக்குள் பள்ளி வைத்தார்கள். 1920 வாக்கில் ஆதிதிராவிடர் நலம் தொழிலாளர் துறையின் கைக்குப் போன பிறகு சேரிகளில் ‘லேபர் ஸ்கூல்’ வந்தது. கிழவர்கள் வாயில் அந்தப் பெயர் ரொம்ப நாள் இருந்தது. இந்தப் பள்ளிகளில் வாத்தியார் சேரிக்குள் நடந்து வந்தார். குடிசை வாசலில் நின்று, “ஏ, ஒம் புள்ளைய அனுப்பு, நாளைக்கித் தொறக்குறோம்” என்று கூப்பிட்டார். அந்த வாத்தியாரே நோட்டீசு, அவரே தண்டோரா. சேரிக்குள் வந்த பள்ளி சேரிக்குச் சேதி சொல்லிக்கொண்டுதான் வந்தது.

உயர்நிலைப் பள்ளி அப்படி வரவில்லை. அது டவுனில் இருந்தது, அல்லது ஊர்த்தெருவைத் தாண்டி இருந்தது. நாம்தான் அதைத் தேடிப் போகணும். அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒரு கோடை விடுமுறை, ஒரு ஜூன் மாசம். அந்த இடைவெளியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள்! சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது 1911ல். அந்தச் சர்ட்டிபிகேட் வரைக்கும் போன சேரிப் பிள்ளை அந்தக் காலத்தில் ஒரு வட்டத்துக்கே அதிசயம். எம்.சி.ராஜா பள்ளி ஆசிரியராக இருந்து சட்டசபைக்குப் போனவர். வாசலில் நிற்கிற பையனின் நிலைமை அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைத்தது சிதம்பரம் நந்தனார் பள்ளி. சுவாமி சகஜானந்தா 1916ல் தொடங்கியது. அது கொடுத்த படிப்பைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே படித்த ஒரு பையன் லீவுக்குச் சேரிக்குத் திரும்பும்போது, ஸ்கூல் என்றைக்குத் திறக்கும், யாரைப் போய்ப் பார்க்கணும், சோறு உண்டா, துணி உண்டா என்பதெல்லாம் அவனோடு சேர்ந்து சேரிக்குள் வந்தது. ஒரு சேரியில் ஒருத்தன் போய்விட்டால் அடுத்த வருசம் ரெண்டு பேர் போனார்கள். எங்கள் சேரியிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. அதுதான் எங்கப்பாவின் துரதிர்ஷ்டம்.

1953ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டத்தையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அதுவும் ஜூன் மாசம், பள்ளி திறக்கும்போதுதான் நடைமுறைக்கு வந்தது. மிச்ச நேரம் அப்பனிடம் தொழில் படி என்றது. அப்பனைக் கேட்டார்களா? எங்க தாத்தாவின் தொழில் பிணம் எரிப்பதும் தமுக்கு அடிப்பதும். அடுத்த வருசமே அந்தத் திட்டம் போனது, நல்லது. காமராசர் காலத்தில் பள்ளிகள் பெருகின, சோறு போட்டார்கள், 1960களில் உயர்நிலைப் பள்ளிச் சம்பளமும் ஒழிந்தது. எல்லாம் உண்மை. ஆனால் 1971ல் சம்பளமே இல்லாத அந்தப் பள்ளியின் கதவு என்றைக்குத் திறக்கும் என்று ஒருத்தன் வந்து சொல்லவில்லை என்பதும் உண்மை.

என் கதைக்கு வருகிறேன். 2001ல் நான் ஆறாவது சேர்ந்தேன். அதற்குள் எங்கள் காலனியில் அம்பேத்கர் மன்றம் இருந்தது. ஓலைக் கூரை, ஒரு படம், ஒரு கேரம் போர்டு, ஒரு கரும்பலகை. ஆதிதிராவிடர் விடுதியில் தங்கி டவுனில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஏப்ரல் கடைசியில் அந்தப் பலகையில் எழுதிப் போடுவார். முதலில் எழுதுவது பள்ளி திறக்கும் தேதி இல்லை. “சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இப்போதே மனு கொடுக்கவும்.” கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று படி ஏறி அந்தக் காகிதம் வர வாரக் கணக்கில் ஆகும். ஜூன் முதல் வாரத்தில் தெரிந்து என்ன பிரயோசனம்? உதவித்தொகைக்கும் விடுதிக்கும் அது வேணும். பள்ளி திறக்கும் சேதி என்றால் நமக்கு அது ஒரு தேதி மட்டும் இல்லை. டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, போட்டோ, அதற்கு ஆகும் பஸ் காசு, ஒரு நாள் கூலி நட்டம் எல்லாம் சேர்ந்தது. ஊர்த்தெருப் பிள்ளையின் அப்பாவுக்கு இது டீக்கடை பெஞ்சில் காதில் விழும். கிளார்க் அவருக்கு மாமன், வாத்தியார் மச்சான். நமக்கு எழுதிப் போட்டால்தான் உண்டு.

எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, போகிற வருகிற பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி, “ஏ, வாசிடா” என்பார். ஒருத்தன் வாசித்தது போதாது, இன்னொருத்தன் வாசித்தும் அதுதானா என்று பார்ப்பார். ஒரு பிழையும் இல்லாமல் என்னைச் சேர்த்தது அந்தச் சந்தேகம்தான்.

2020ல் அந்தப் பலகையும் தோற்றது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடக்க, அரசுப் பள்ளிகளில் ஆகஸ்டு 17 முதல் ஒன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை என்று அறிவித்தார்கள். ஜூனையே நம்பியிருந்த பெற்றோருக்கு ஆகஸ்டு என்பது யார் சொன்னாலும் நம்ப முடியாத மாசம். சேதி வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் தெருவில் அந்த மாதிரி போன் இருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணலாம். நாங்கள் நாலு பேர் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். “தொறக்காத பள்ளிக்கூடத்துல என்னாத்த சேக்குறது” என்று ஒரு ஆயா கேட்டது. நியாயமான கேள்வி.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றார். அந்தச் சேதியைப் படித்த அன்று தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் 2009லேயே போய்விட்டார். தமுக்கு ஒழிந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். அதைக் கலை, பண்பாடு என்று உருகுகிற நண்பர்கள் ஒரே ஒரு நாள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்து பார்க்கட்டும். ஆனால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கே திரும்புகிறது என்பதையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கிராமத்தில் அது பிள்ளையார் கோயில் வளைவில் திரும்பிவிடுகிறது. காலனிக்கு அங்கிருந்து இன்னும் கால் மைல்.

2023ல் வெயிலைக் காரணம் காட்டிப் பள்ளி திறப்பதை ஜூன் 1லிருந்து 7க்கும், 7லிருந்து 12க்கும் தள்ளினார்கள். மன்றத்துப் பலகையில் ரெண்டு முறை அழித்து எழுதினோம். அந்த வருசம் எங்கள் காலனியில் ஆறாவதுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் எட்டுப் பேர். ஏழு பேர் 12ஆம் தேதி காலையில் போய் நின்றார்கள். எட்டாவது பிள்ளை, ஒரு பெண், ஜூன் கடைசியில்தான் வந்தது. அதன் அம்மாவும் அப்பாவும் முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தார்கள். மழை வந்து சூளை நின்ற பிறகுதான் கணக்கு முடித்து விட்டார்களாம். நல்லவேளை, சேர்த்துக்கொண்டார்கள், ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு. இப்போது எங்கள் மன்றக் கூட்டத்தில் மே மாசத்துக்கு முன்னால் பேசுகிற முதல் விசயம், சூளைக்கு இந்த வருசம் யார் போவது, பஸ் காசு யார் தருவது என்பதுதான். போனால் மேஸ்திரி உள்ளே விட மாட்டான். சொந்தக்காரர் சாவுச் சேதி சொல்ல வந்திருக்கிறோம் என்றுதான் நுழைய வேண்டியிருக்கிறது.