பிறழ் நடத்தை: வரையறையும் நோயறிதலும்

ஒருவருடைய எண்ணத்திலோ உணர்ச்சியிலோ செயலிலோ தோன்றி, அவருக்கு வேதனை தந்து, அன்றாட வாழ்வைக் குலைத்து, அவர் வாழும் சூழலைக் கொண்டும் விளங்கிக்கொள்ள முடியாததாக நிற்கும் போக்கை உளவியல் பிறழ் நடத்தை என்கிறது. இதை ஆராயும் துறை பிறழ்நிலை உளவியல். நீரிழிவை இரத்தச் சர்க்கரை அளவு காட்டிக்கொடுக்கிறது. மனச்சிதைவையோ மனச்சோர்வையோ அப்படி உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இன்றுவரை இல்லை. பேச்சு, கவனிப்பு, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றைக் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் ‘எது பிறழ்வு’ என்ற வரையறையில் நேரும் பிழை ஒரு மனிதரின் சுதந்திரத்தையும் மானத்தையும் நேரடியாகப் பாதிக்கும்.

எதை வைத்து அளப்பது?

பெரும்பாலோரிடமிருந்து விலகி நிற்பதே பிறழ்வு என்பது புள்ளியியல் வழி. நுண்ணறிவுச் சோதனைகளின் சராசரி 100. ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டினர் 70க்குக் கீழே வருவார்கள், அதே அளவினர் 130க்கு மேலே வருவார்கள். இரண்டும் ஒரே அளவு அரியவை என்றாலும் மேலே இருப்பவரை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. கீழே இருப்பவரைக்கூட எண்ணை மட்டும் வைத்து அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர் என்று முடிவுகட்டக் கூடாது. தன்னைப் பேணிக்கொள்வது, பணத்தைக் கையாள்வது, பிறரோடு பழகுவது ஆகியவற்றிலும் குறை இருக்கிறதா, அது வளரும் பருவத்திலேயே தொடங்கியதா என்று பார்க்க வேண்டும்.

ஊர் வழக்கத்தை மீறுவதே பிறழ்வு என்பது அடுத்த வழி. இதுதான் மிக ஆபத்தானது. அமெரிக்காவின் லூசியானாவில் மருத்துவராக இருந்த சாமுவேல் கார்ட்ரைட், எஜமானிடமிருந்து தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளைப் பீடிப்பது ஒரு மனநோய் என்று 1851இல் எழுதி, அதற்கு ‘டிராப்டோமேனியா’ என்று பெயரும் சூட்டினார். சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கு ‘மந்தகதி மனச்சிதைவு’ என்று முத்திரை குத்தி மருத்துவமனைகளில் அடைத்தார்கள். இதன்மேல் எழுந்த கண்டனத்தால் 1983இல் சோவியத் மனநல மருத்துவர் சங்கம் உலக மனநல மருத்துவச் சங்கத்திலிருந்து வெளியேறியது. தன்பாலீர்ப்பும் நெடுங்காலம் நோய்ப் பட்டியலில் கிடந்தது. தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், மற்ற ஆண்கள் 30 பேர் ஆகியோரின் உளச் சோதனை முடிவுகளை உளவியலாளர் ஈவ்லின் ஹுக்கர் வல்லுநர்களிடம் பெயரின்றிக் கொடுத்தார். யார் எவர் என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. இது 1957இல் வெளிவந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பைப் பட்டியலிலிருந்து நீக்க 1973 ஆனது. பதினாறு ஆண்டுத் தாமதத்தின் விலையை அந்த மனிதர்கள்தான் கொடுத்தார்கள்.

எனவே இன்று முதலில் பார்ப்பது வேதனையையும் செயல்குலைவையும். இவையும் தனித்தனியே போதா. பித்து நிலையில் இருப்பவர் தூக்கமே இல்லாமல், உற்சாகத்தின் உச்சியில், சேமிப்பையெல்லாம் செலவழித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அப்போது துளி வேதனையும் இருக்காது. பிறருக்குத் தீங்கு நேருமா என்பதையும் பார்ப்பதுண்டு. ஆனால் மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, அவர்கள்தாம் தாக்குதலுக்கு அதிகம் ஆளாகிறார்கள். திரைப்படங்கள் விதைத்த அச்சத்தை இந்த இடத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஜெரோம் வேக்ஃபீல்டு 1992இல் முன்வைத்த வரையறை இவற்றை இணைக்க முயன்றது. மனத்தின் இயல்பான இயக்கம் ஒன்று பழுதுபட்டிருக்க வேண்டும், அப்பழுது அந்த மனிதருக்குத் தீங்கும் செய்ய வேண்டும் என்றார் அவர். முதலாவது அறிவியல் கேள்வி, இரண்டாவது மதிப்பீடு. இரண்டும் சேர்ந்தால்தான் நோய்.

கையேடுகள்

ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்லின் 1899இல் வெளியான தம் பாடநூல் பதிப்பில், பின்னாளில் மனச்சிதைவு எனப் பெயர் பெற்ற நோயையும் பித்து–சோர்வு நோயையும் வேறுபடுத்தினார். அந்தக் கோடு இன்றைய வகைப்பாட்டிலும் தெரிகிறது. இப்போது பரவலாகப் பயன்படும் நோய் வகைப்பாட்டுக் கையேடுகள் இரண்டு. ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. அதன் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மற்றது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952இல் தொடங்கிய டி.எஸ்.எம். அதன் 5ஆம் பதிப்பு 2013இலும் திருத்தப் பதிப்பு 2022இலும் வந்தன.

ஒரே நோயாளியைப் பார்க்கும் இரு மருத்துவர்கள் ஒரே முடிவுக்கு வருவார்களா என்ற கேள்விதான் இந்தக் கையேடுகளின் போக்கை மாற்றியது. இங்கே எல்லோரும் எடுத்துக்காட்டுவது டேவிட் ரோசன்ஹான் 1973இல் வெளியிட்ட ஆய்வை. மனநோய் இல்லாத எட்டுப் பேர், காதில் குரல் கேட்கிறது என்று பொய் சொல்லி 12 மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், சேர்ந்த பிறகு இயல்பாக நடந்துகொண்டும் சராசரியாக 19 நாள் உள்ளேயே இருக்க நேர்ந்தது என்றது அந்த ஆய்வு. அதன் தரவுகள் நம்பத்தக்கவையா என்று சூசன்னா கஹலான் 2019இல் எழுதிய நூல் கடுமையான ஐயங்களைக் கிளப்பியது. இதைவிட உறுதியான சான்று, 1972இல் வெளியான நியூயார்க்–லண்டன் ஒப்பீட்டு ஆய்வு. நியூயார்க் மருத்துவர்கள் லண்டன் மருத்துவர்களைவிட மிக அதிகமானோருக்கு மனச்சிதைவு என்று எழுதிவந்தார்கள். ஆய்வுக் குழு இரு நகரங்களிலும் ஒரே வகையான கேள்விகளைக் கேட்டு நோயாளிகளைப் பரிசோதித்தபோது அந்த வேறுபாடு பெருமளவு மறைந்தது. நோயாளிகள் வேறுபடவில்லை, மருத்துவர்களின் அளவுகோல்தான் வேறுபட்டிருந்தது.

ராபர்ட் ஸ்பிட்ஸர் தலைமையில் 1980இல் வந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு இதற்கு விடையாக ஒவ்வொரு நோய்க்கும் திட்டமான அடையாளங்களையும் கால அளவையும் வரையறுத்தது. அதன்பின் உடன்பாடு கூடியது, ஆனால் முழுமையாகவில்லை. 5ஆம் பதிப்புக்கான களச் சோதனையில் பெருமனச்சோர்வுக்கு மருத்துவர்களிடையே இருந்த உடன்பாடு வெறும் 0.28. தற்செயலான உடன்பாட்டுக்கு 0, முழு உடன்பாட்டுக்கு 1 என்பது அந்த அளவின் கணக்கு. உலகில் மிகப் பரவலான மனநோய்களுள் ஒன்றுக்கு இது கவலைதரும் எண்.

நோயறிதல் நடக்கும் விதம்

முதல் வேலை, வந்தவரைப் பேசவிட்டுக் கேட்பது. நம் ஊரில் மனச்சோர்வோடு வருபவர் பலர் ‘மனசு சரியில்லை’ என்று தொடங்குவதில்லை. தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் அசதி என்பார்கள். அவசரப்படுபவர் அதை வெறும் உடல்நோயாகவே எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார். தொந்தரவு எப்போது தொடங்கியது, தூக்கம், பசி, வேலை, உறவு எப்படி மாறின, குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா, சாகும் எண்ணம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வீட்டாரிடமும் விசாரிக்க வேண்டும். தோற்றம், பேச்சின் வேகம், எண்ண ஓட்டம், நினைவாற்றல், தன் நிலை பற்றிய புரிதல் ஆகியவற்றை மனநிலைப் பரிசோதனையில் குறித்துக்கொள்வார்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, வலிப்பு, சில மருந்துகளின் விளைவு ஆகியவை மனநோய் போலவே தோன்றும் என்பதால் அவற்றை விலக்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

மருத்துவ உளவியலாளர் சோதனைகளையும் பயன்படுத்துவார். 567 கூற்றுகளுக்கு ஆம், இல்லை என்று பதில் கேட்கும் எம்.எம்.பி.ஐ.–2 ஆளுமையையும் நோய்க்கூறுகளையும் காட்ட உதவுகிறது. ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ.–9 மனச்சோர்வைச் சலித்தெடுக்கும் கருவி. கைப்பேசியில் அதை நிரப்பி, வந்த மதிப்பெண்ணையே நோயாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவுகிறது. அது தவறு. அந்த எண் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது.

பிறகுதான் கையேட்டின் அடையாளங்களோடு ஒப்பிடுவது. டி.எஸ்.எம். படி, பெருமனச்சோர்வு என்று சொல்ல ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரம் நீடித்திருக்க வேண்டும். சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை ஆகிய இரண்டில் ஒன்றேனும் அவற்றில் இருக்க வேண்டும். அதே கையேட்டின்படி மனச்சிதைவுக்கு அறிகுறிகள் ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும்.

எல்லைக்கோடு எவ்வளவு கடினம் என்பதைத் துக்கத்தில் பார்க்கலாம். டி.எஸ்.எம். நான்காம் பதிப்பில், நெருங்கியவரை இழந்தவருக்கு முதல் இரண்டு மாதம் பொதுவாக மனச்சோர்வு நோய் என்று எழுதக் கூடாது என்ற விலக்கு இருந்தது. ஐந்தாம் பதிப்பு அதை நீக்கியது. உண்மையாகவே நோயுற்றவர் சிகிச்சையின்றித் தவிக்கக் கூடாது என்றனர் ஒரு சாரார். தாயை இழந்து அழுபவருக்கு மாத்திரை எழுதிக்கொடுக்கும் நிலை வரும் என்றனர் மறு சாரார். இரண்டு அச்சமும் நியாயமானவையே. 2022 திருத்தத்தில் ‘நீடித்த துக்கக் கோளாறு’ தனி நோயாகவே சேர்ந்தது. அதற்குப் பெரியவர்களுக்கு டி.எஸ்.எம். பன்னிரண்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறது, ஐ.சி.டி. ஆறு மாதம் போதும் என்கிறது. இரண்டுமே அவரவர் சமூகத்தின் துக்க வழக்கத்தையும் கணக்கில் கொள்ளச் சொல்கின்றன.

பண்பாடு அறிகுறியின் உள்ளேயும் புகுகிறது. மானிடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் கலிபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் மனச்சிதைவு உள்ள 20 பேர் வீதம் பேட்டி கண்டு 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்கர்கள் கேட்ட குரல்கள் பெரும்பாலும் வன்முறை நிறைந்த அந்நியக் குரல்கள். சென்னையில் பலருக்கோ உறவினர்களின் குரல்கள், அன்றாட வேலைகளைச் செய்யச் சொல்லி ஏவுபவையாக ஒலித்தன.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயறிதலுக்கே எல்லை வகுக்கிறது. ஐ.சி.டி. போன்ற ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே மனநோயைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அதன் 3ஆம் பிரிவு. அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ, ஊரின் ஒழுக்க வழக்கங்களுக்கும் மத நம்பிக்கைகளுக்கும் ஒத்துப்போகாததையோ காரணமாகக் காட்ட அது இடம் தரவில்லை. முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இப்போதும் நோயாளி என்று சொல்லப் போதாது. மனநோய் இருப்பதாகத் தீர்மானித்தாலும், தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிக்காதவரை அவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கொள்ள முடியாது.