கொரோனா எப்போது பரவத் தொடங்கியது? கணக்கிடுவது எப்படி?

2020 பிப்ரவரி 6 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், சாண்டா கிளாரா பகுதியில் 57 வயதுப் பெண் ஒருவர் வீட்டிலேயே இறந்தார். கொரோனா என்று அப்போது உறுதி செய்யப்படவில்லை. சீனா சென்று வந்தவர்களுக்கும் அவர்களுடன் நெருங்கிப் பழகியவர்களுக்கும்தான் அங்கே அன்று பரிசோதனை. பிரேதப் பரிசோதனையில் எடுத்து வைத்திருந்த திசுவைப் பின்னர் சோதித்தார்கள். ஏப்ரல் 21-ல் கொரோனா என்று உறுதியானது. அதுவரை அந்நாட்டின் முதல் கொரோனா மரணங்கள் பிப்ரவரி இறுதியில்தான் நிகழ்ந்தன என்று கருதப்பட்டு வந்தது.

இந்த ஒரு மரணத்திலிருந்து என்ன தெரிகிறது? தொற்று ஏற்பட்டு இறப்பதற்குப் பொதுவாக மூன்று வாரம் வரை ஆகிறது. அப்படியானால் ஜனவரி நடுவிலேயே அவரைத் தொற்று பிடித்திருக்கலாம். தொற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவர் இறப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மரணத்துக்குப் பின்னால் கண்ணில் படாத பலர் இருந்திருப்பார்கள். லேசான சளி, காய்ச்சலோடு அவர்களுக்குக் குணமாகியிருக்கும்.

பிரான்சிலும் இப்படித்தான். அங்கே முதல் நோயாளிகள் 2020 ஜனவரி 24-ல் அறிவிக்கப்பட்டனர். ஆனால் 2019 டிசம்பர் இறுதியில் பாரிஸ் அருகே மருத்துவமனையில் சேர்ந்த ஒருவரின் சளி மாதிரியை மறுபடி சோதித்தபோது அதிலும் வைரஸ் இருந்தது. அவர் சீனா போனவர் அல்லர். எனவே முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்தாம் ஊருக்கு நோயைக் கொண்டுவந்தவர் என்று சொல்லிவிட முடியாது. அந்த நாட்களில் எத்தனை குடும்பங்கள் இந்தப் பழியைச் சுமந்தன!

இன்னொரு வழி மரபணுக் கணக்கு. கிதாபைப் பார்த்து எழுதுபவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால், அந்தப் பிரதியிலிருந்து எழுதப்படும் பிரதிகளிலும் அதே பிழை வரும். பிழைகளை ஒப்பிட்டால் எது எதிலிருந்து வந்தது என்று புரியும். வைரஸும் அப்படியே. சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட கொரோனாவின் மரபணுவில் தொடக்க காலத்தில் மாதம் ஏறத்தாழ இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. பல நோயாளிகளின் மாதிரிகளை ஒப்பிட்டு, பின்னோக்கி எண்ணினால் பொது மூலத்தின் காலம் கிடைக்கும்.

ஆனால் பொது மூலம் என்பது முதல் மனிதர் அல்லர். அவருக்கு முன்பும் அறுந்துபோன சங்கிலிகள் இருந்திருக்கலாம். அதையும் கணக்கில் சேர்த்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, சீனாவின் ஹூபே மாகாணத்தில் முதல் தொற்று 2019 அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே ஏற்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டது. வூஹான் நகரின் நிமோனியா பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரியவந்ததோ டிசம்பர் 31-ல்.