சூடோமிக்சோமா பெரிட்டோனி

சூடோமிக்சோமா பெரிட்டோனி என்பது, மியூசின் எனப்படும் கூழ் போன்ற சளிப்பொருள் வயிற்றறைக்குள் மெல்லத் திரளும் அரிய புற்றுநோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவர் முதல் மூவர் வரை இதற்கு ஆளாகின்றனர். ஜெர்மன் மருத்துவர் வெர்த் 1884-இல் சூலகக் கட்டியோடு தொடர்புபடுத்தி இதற்குப் பெயரிட்டார். பெரும்பாலும் இது குடல்வாலில் தொடங்குகிறது என்பது பின்னர் உறுதியானது. நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் 1993-இல் இந்நோயால் இறந்தார்.

பரவும் விதம்

கட்டி சுரக்கும் சளியால் குடல்வால் வீங்கி வெடிக்கிறது. வெளிவரும் உயிரணுக்கள் வயிற்றறை நீரில் மிதந்து, குடல்களுக்கு முன் தொங்கும் கொழுப்புத் திரையிலும் வலது உதரவிதானத்தின் அடியிலும் இடுப்புக்குழியிலும் படிகின்றன. ஓயாது அசையும் சிறுகுடலில் தொடக்கத்தில் அதிகம் ஒட்டுவதில்லை. இரத்தம், நிணநீர் வழியே பரவுவது அரிது. சளி நிறைந்து குடலை நெருக்கி அடைப்பதே முதன்மையான ஆபத்து.

கண்டறிதல்

வயிற்றுப் பருமன், குடல்வால் அழற்சி போன்ற வலி, புதிதாகத் தோன்றும் குடலிறக்கம், பெண்களில் சூலகக் கட்டி ஆகியவை அறிகுறிகள். வேறு நோய்க்கான அறுவையின்போது தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு. சிடி ஸ்கேனில் கல்லீரலின் விளிம்பு அலை அலையாகக் குழிந்து தெரிவது முக்கியத் தடயம். சளி கெட்டியாக இருப்பதால் ஊசியால் உறிஞ்ச முடியாமல் போகலாம். சிஇஏ, சிஏ 19-9, சிஏ 125 ஆகிய இரத்தக் குறியீடுகள் நோயின் அளவை மதிப்பிட உதவுகின்றன. திசு ஆய்வு இதன் தரத்தைத் தாழ்நிலை, உயர்நிலை என்று பிரிக்கிறது. முத்திரை மோதிர வடிவ உயிரணுக்கள் இருந்தால் நோயின் போக்கு கடுமையாகும்.

சிகிச்சை

வெடிக்காத தாழ்நிலைக் கட்டிக்குப் பெரும்பாலும் குடல்வாலை அகற்றுவதே போதும். பரவிய நோய்க்கு, அமெரிக்க அறுவை மருத்துவர் பால் சுகர்பேக்கர் வளர்த்தெடுத்த முறை கையாளப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் கட்டிகளையும் நோயுற்ற வயிற்றறை உறையையும் அகற்றிய பின், அதே அறுவையில் சுமார் 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய மைட்டோமைசின் போன்ற மருந்து வயிற்றுக்குள் சுற்றவிடப்படுகிறது. எஞ்சும் நுண்ணிய உயிரணுக்களை அழிப்பதே இதன் நோக்கம். சிரைவழிக் கீமோதெரபிக்குத் தாழ்நிலைக் கட்டி சரிவர இணங்குவதில்லை.

விளைவு

16 மையங்களில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 2,298 பேரை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், இடைநிலை உயிர்வாழ்வு 16 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. சிகிச்சை தொடர்பான இறப்பு 2 விழுக்காடு. முற்றாக அகற்ற இயலாதபோது அடைப்பையும் அழுத்தத்தையும் குறைக்க மட்டும் அறுவை செய்யப்படும். நோய் ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடுமாதலால் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன.