கற்குழியும் காலமும்

தென்னாசியாவின் வரலாற்றுக்கு முற்பட்ட கால ஆய்வு ஒரு சரளைக் குழியின் ஓரத்திலே தொடங்கியது எனின் மிகையாகாது. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், குழியிலிருந்து வெட்டி எறியப்பட்ட மண்ணிடையே புவிச்சரிதவியலாளர் றொபேட் புறூஸ் பூட் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் பெயரை நூல்கள் போற்றுகின்றன; குழியை வெட்டிய கூலியாட்களின் பெயரை எவரும் எழுதிவைத்திலர். தோட்டங்களிற் பிறந்த எமக்கு இது புதுமையன்று.

ஆயினும் அக்கோடரி எவ்வடுக்கில் எதனருகே கிடந்ததென்பது மண்ணோடு போயிற்று. அதே ஆண்டு செப்ரெம்பரில் பூட் கண்ட அத்திரம்பாக்கத்தின் நிலை வேறு. அங்கு அடுக்கடுக்காக அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழைமை உடையன என 2011இல் வெளியிட்டனர். பொருளைவிடப் பொருள் கிடந்த இடமே பெரிய சான்று.

மட்பாண்டத்திற்கும் இது பொருந்தும். ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய ஜாகோர் என்னும் ஜெர்மானியர் தாம் பெற்றவற்றைப் பேர்லினுக்குக் கொண்டுசென்றார். 1899 முதல் அகழ்ந்த அலெக்சாந்தர் றீயோ, தாழிகள் பாறையிற் குடையப்பட்ட குழிகளில் வைக்கப்பட்டிருந்ததையும், குழிக்குக் குழி இடையே பாறை விடப்பட்டிருந்ததையும் பதிவு செய்தார். பானை மட்டும் நூதனசாலைக்கு வந்திருந்தால், இறந்தோர்க்காகக் கற்பாறையைக் குடைந்தவர்களின் உழைப்பை நாம் அறிந்திருப்போமா?

எமது ஊவாவிற்கு வருவோம். பண்டாரவளைக் குன்றுகளிற் சிதறிக் கிடந்த நுண்கற்கருவிகளை 1910களில் ஹாட்லி ஆராய்ந்தார். அவற்றையொத்த கருவிகளின் தொன்மையை உறுதிசெய்ய, குருவிற்றைப் பட்டதொம்பலெனக் குகையின் கலையாத மண்ணடுக்குகள் வேண்டியிருந்தன. அங்கு 28,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் பெறப்பட்டது. மாறாக, இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் கற்கருவிகளோடு வெளிவந்தும், ஆற்றுச் சரளையிற் கலந்து கிடந்தமையால் அவற்றின் காலம் நெடுநாள் சர்ச்சைக்குரியதாயிற்று.

லுணுகலைப் பக்கத்துக் கல்லுடைப்போர் இதனை அறிந்திருத்தல் நன்று. ஒருமுறை தோண்டி மூடிய நிலம் பழைய நிறத்தையும் இறுக்கத்தையும் மீளப் பெறுவதரிது. வெட்டுமுகத்திற் கருமண் கிண்ணம்போல இறங்கி, அதனுள் கரியும் ஓட்டுத்துண்டுகளும் தென்பட்டால், அது பழங்குழியாக இருக்கலாம். ஓட்டைப் பிடுங்காது அலவாங்கை நிறுத்தவேண்டிய இடம் அதுவே. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டும் என்கிறது. அறிவித்தால் வேலை நின்று நாட்சம்பளம் போய்விடும் என்று அஞ்சுவோரை எவ்வாறு குறைகூறுவது? நின்றுபோன நாட்களுக்குக் கூலி கொடுக்க ஒழுங்குசெய்து, சட்டத்தை எளிய தமிழில் அச்சிட்டுக் கற்குழிகளில் ஒட்டினால், முதற்றகவல் அங்கிருந்தே வரும். அதனைத் தந்தவரின் பெயரும் ஆய்வறிக்கையில் இடம்பெறுதல் வேண்டும்.